வாழ்நாள் சான்று

தனியே வாழும் முதியோரின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி உண்டு என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு வயது 76. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் 34 ஆண்டுகள் தமிழாசிரியையாகப் பணி புரிந்து ஓய்வு பெற்றேன். அஞ்சல் துறையில் பணியாற்றிய என் கணவர் 2017ஆம் ஆண்டில் காலமானார். மகன் புனாவில் இருக்கிறான். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். நாங்கள் வாழ்ந்த பழைய வீட்டில் நான் ஒருத்தியாக இருந்து வருகிறேன். என் தகுதி இவ்வளவே. ஆகவே படித்ததைக் கொஞ்சமும் பட்டதை மிகுதியாகவும் சொல்கிறேன். நேயர்கள் பொறுமையோடு கேட்க வேண்டும்.

தனியாக இருக்கிறேன் என்று சொன்னதும் கேட்பவர்கள் இரண்டிலொன்று சொல்வதை நான் கவனித்திருக்கிறேன். "ஐயோ பாவம், பிள்ளைகள் வைத்துக்கொள்ளவில்லையா?" என்று இரங்குவோர் ஒரு சாரார். "உங்களுக்குப் பெரிய தைரியந்தான்" என்று வியப்போர் மற்றொரு சாரார். என் பிள்ளைகள் என்னைக் கைவிடவில்லை; ஆதலால் இரக்கத்துக்கு இடமில்லை. இரவில் பல்லி ஒன்று அலமாரிக்குப் பின்னே பாத்திரத்தை உருட்டினால் எனக்கும் நெஞ்சு திடுக்கிடத்தான் செய்கிறது. ஆதலால் தைரியம் என்ற பட்டமும் எனக்குப் பொருந்தாது. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது. அதைத்தான் தேட விரும்புகிறேன்.

துணையை இழந்து தனித்திருக்கும் நிலையை நம் முன்னோர் கவனியாமல் விடவில்லை. தொல்காப்பியர் உலகத்தின் நிலையாமையைக் கூறும் காஞ்சித் திணையின் துறைகளுள் இரண்டை இதற்கென்றே வைத்தார். மனைவியை இழந்த கணவன் தனித்திருப்பது தபுதார நிலை. கணவனை இழந்த மனைவி நோன்பிருப்பது தாபத நிலை. வகுப்பில் இவற்றைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஆனால் அப்பெயர்களுக்குள் இருக்கும் வேறுபாடு, எனக்கே அந்நிலை வந்த பிறகுதான் என் மனத்தில் தைத்தது. தாரத்தை இழந்தவன் என்பதுதான் ஆணுக்குரிய பெயர். அவனுக்கு இழப்பு மட்டுமே பெயராயிற்று. பெண்ணுக்கோ இழப்பின் பின் மேற்கொள்ளும் தவமே பெயராயிற்று. நெய் படாத சோறும் வேளைக்கீரையும் பாய் இல்லாத படுக்கையுமாக அந்தத் தவம் எத்தனை கடுமையாக இருந்தது என்பதைப் புறநானூற்றில் 246ஆம் பாட்டில், பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டின் வாய்மொழியாகவே அறிகிறோம்.

அந்தக் காலத்துக்கும் என் காலத்துக்கும் இடையே பலர் உழைத்திருக்கிறார்கள். கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்ற சட்டம் 1856இல் வந்தது. 1886இல் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911இல் பட்டம் பெற்றுத் தம்மைப் போன்ற இளங் கைம்பெண்களைச் சென்னையில் ஒன்று சேர்த்துப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினார். 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், பெண்ணின் கையில் உள்ள சொத்து அவளுக்கே முழு உரிமை என்றது. எனக்கென ஓர் ஓய்வூதியமும், கணவர் வழியில் ஒரு குடும்ப ஓய்வூதியமும் வருகின்றன. நான் இருக்கும் வீடு என் பெயரில் இருக்கிறது. நெய் விட்டுச் சோறு உண்கிறேன்; கட்டிலில் பஞ்சு மெத்தையில் படுக்கிறேன். இவை அனைத்தும் எனக்குத் தானாக வந்தவையல்ல. முன்னே சென்றோர் கேட்டு வாங்கித் தந்தவை.

என் போன்றோர் தொகையும் சிறிதன்று. 2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 60 வயது நிரம்பியவர் ஏறத்தாழ 10 கோடியே 40 லட்சம் பேர். தமிழ்நாட்டில் அப்பொழுதே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் முதியோர். 2017, 2018ஆம் ஆண்டுகளில் நாடு தழுவ நடந்த முதியோர் ஆய்வு ஒன்று, 60 கடந்தோரில் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேர் தனியே வாழ்கின்றனர் என்று கண்டது. பெண்கள் தம்மைவிட மூத்த ஆடவரை மணக்கிறார்கள். ஆடவரைவிட நெடுநாள் வாழவும் செய்கிறார்கள். ஆகையால் இத்தனியர் கூட்டத்தில் பெண்களே மிகுதி.

சோறு உண்டு, கூரை உண்டு, உரிமை உண்டு. அப்படியானால் குறை என்ன? என் கணவர் மறைந்த முதல் ஆண்டில் இந்தக் கேள்வியோடு நான் நெடுநாள் போராடினேன்.

வேலைகளைச் செய்ய ஆளில்லாமையே குறை என்று முதலில் எண்ணினேன். மின்சாரக் கட்டணம், வங்கிக் கணக்கு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் பார்த்தவை. சில மாதங்களில் அவற்றைக் கற்றுக்கொண்டேன். எரிவாயு உருளை கொண்டுவருபவரிடம் கைப்பேசியில் வந்த எண்ணைப் படித்துச் சொல்வது உட்பட எல்லாம் பழகிவிட்டன. ஒருவருக்காகச் சமைப்பதுதான் பெரிய வித்தையாக இருந்தது. ஒரு பிடி பருப்பில் சாம்பார் கூட்டிப் பாருங்கள். புளி மிஞ்சும், அல்லது உப்பு மிஞ்சும். நாலு பேருக்கு ஆட்டிய ஆட்டுரலில் ஒருத்திக்கு மாவாட்ட முடியாது. கடையில் மாவு வாங்கினால் மூன்றாம் நாள் புளித்துவிடுகிறது. இதற்கும் வழி கண்டேன்: திங்களன்று வைத்த குழம்பு செவ்வாயன்று சுண்டக்குழம்பாகி இன்னும் சுவைக்கிறது. சுண்டக்குழம்பின் அருமை தனியாக இருப்பவருக்கே நன்றாகத் தெரியும்.

ஆகவே வேலை அல்ல குறை. பேச ஆளில்லாமையா? அதுவும் முழு உண்மையன்று. நானும் என் கணவரும் கடைசி ஆண்டுகளில் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. 45 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்களிடம் புதிதாகச் சொல்ல என்ன இருக்கும்? காலையில் செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாய் திறவாமல் இருப்போம்.

ஒரு நாள் மாலை நான் நூலகத்திலிருந்து வீடு திரும்ப இருட்டிவிட்டது. பூட்டைத் திறந்து உள்ளே வந்து விளக்கைப் போட்டேன். அப்பொழுதுதான் தெரிந்தது. அவர் இருந்த காலத்தில் இப்படி வந்தால், சாய்வு நாற்காலியிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பார். அந்தக் கேள்வி எனக்கு எரிச்சலாகக்கூட இருந்ததுண்டு. இப்பொழுது நான் ஆறு மணிக்கு வந்தாலும் ஒன்பது மணிக்கு வந்தாலும் ஒன்றுதான். நான் வராவிட்டாலும் அவ்வீட்டில் ஒன்றும் மாறாது. என்னை எதிர்பார்ப்பவர் இல்லை என்பதே குறை. மற்றவை அதன் கிளைகள். உண்டாயா, உறங்கினாயா, மாத்திரை போட்டாயா, குடையை எடுத்தாயா என்று கேட்கப்படுவதில்தான் ஒரு மனிதரின் அன்றாட வாழ்வு கட்டப்பட்டிருக்கிறது. கேட்பவர் போனதும் கட்டு தளர்கிறது. ஒரு வேளைச் சோறு தவறினால் என்ன என்று தோன்றுகிறது. ஒரு நாள் குளிக்காவிட்டால் யார் அறிவார் என்று தோன்றுகிறது. தனித்து வாழும் முதியோர் பலர் மெலிந்து போவது வறுமையால் மட்டுமன்று, இப்படித் தோன்றுவதாலும்தான்.

இங்கே ஒரு சிறு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். என்னை ஆண்டுதோறும் தவறாமல் எதிர்பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் மத்திய அரசாங்கம். நவம்பர் மாதம் வந்ததும், "நீ உயிரோடு இருக்கிறாயா?" என்று கேட்பார். இருக்கிறேன் என்று வாழ்நாள் சான்று கொடுத்தால்தான் குடும்ப ஓய்வூதியம் தொடர்ந்து வரும். முன்பெல்லாம் நேரில் சென்று வரிசையில் நிற்க வேண்டும். 2014இல் விரல் ரேகையைக் கருவியில் பதித்துச் சான்று பெறும் முறை வந்தது. 2020 முதல் அஞ்சல்காரரே வீட்டுக்கு வந்து, சிறு கட்டணம் பெற்றுக்கொண்டு, இதைச் செய்து தருகிறார்.

அஞ்சல்காரர் முதன்முறை வந்தபோது என் கட்டைவிரலைக் கருவி ஏற்கவில்லை. துடைத்துப் பார்த்தோம்; எண்ணெய் தொட்டுப் பார்த்தோம்; பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். வயது ஏற ஏற விரல் ரேகை தேய்ந்துபோகுமாம். அதோடு 34 ஆண்டுகள் சுண்ணாம்புக் கட்டி பிடித்த விரல்! "டீச்சரம்மா, நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது; இதுக்குத் தெரியலையே" என்றார் அஞ்சல்காரர். பல முயற்சிகளுக்குப் பின் சுட்டுவிரல் ஒன்று என்னைக் காப்பாற்றியது. 2021இல் முகத்தைப் படம் பிடித்தே சான்று வழங்கும் முறை வந்தபின் இந்தத் தொல்லை இல்லை. அரசாங்கம் தாராளமுடையதும்கூட. 80 வயது நிறைந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதல். நூறு வயதை எட்டினால் இன்னொரு மடங்கு. ஆகவே நெடுநாள் இருக்கும்படி எனக்கு ஊக்கமும் அளிக்கிறது.

அஞ்சல்காரர் போனபின் நினைத்தேன். ஆண்டுக்கு ஒரு முறை உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுத்தால் அரசாங்கத்துக்குப் போதும். மனிதர்க்கு அது போதுமா? நாள்தோறும் ஒரு சான்று வேண்டுமல்லவா? அதை யாரிடம் கொடுப்பது, யார் வாங்கிக்கொள்வார் என்று எண்ணியபோதுதான், என் வாசலிலேயே அது கிடப்பதைக் கண்டேன்.

கோலத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவதன் பொருளைப் பலரும் பலவாறு கூறுவர். எறும்புக்கு உணவு என்பர். திருமகளுக்கு வரவேற்பு என்பர். தெருவில் வாழ்பவர்க்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு. துக்கம் நிகழ்ந்த வீட்டு வாசலில் கோலம் இராது. ஆகவே கோலம் இருக்கும் வாசல், இந்த வீட்டார் நேற்றிரவு நலமாக உறங்கி இன்று காலை எழுந்துவிட்டார்கள் என்று தெருவுக்கு அறிவிக்கிறது. இதைவிட எளிய வாழ்நாள் சான்று எது? கருவி வேண்டா, கட்டணம் வேண்டா, ஒரு பிடி கோலமாவு போதும்.

என் கணவர் மறைந்து கருமாதி முடிந்தபின், "இனி வாசலில் யார் கோலம் போடுவது?" என்று உறவினர் ஒருவர் கேட்டார். கணவனை இழந்தவள் கோலமிடலாகாது என்பது சில குடும்பங்களில் வழக்கம். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, வழக்கத்தைத்தான் கேட்டார். "இந்த வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதானே, மதினி? நான்தான் போடவேண்டும்" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர் வீட்டிலிருப்பவள் என் பழைய மாணவி. அவள் மட்டும் தன் வாசலில் கோலமிட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டாள். அன்று முதல் இன்றுவரை அந்தக் கேள்வி தவறியதில்லை.

பிறகு நான் சற்றுத் திட்டமிட்டே சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டேன். பால் பொட்டலத்தை வாசலில் மாட்டியிருக்கும் பையில் போட்டுவிட்டுப் போகும் பையனிடம், முந்தின நாள் பால் எடுக்கப்படாமல் கிடந்தால் எதிர் வீட்டில் சொல்லிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டேன். வீட்டுச் சாவி ஒன்றை எதிர் வீட்டில் கொடுத்து வைத்தேன். குளியலறைக் கதவை உள்ளே தாழிடுவதை விட்டேன். தனியே இருக்கும் வீட்டில் யாருக்காகத் தாழ்? மாலை ஐந்து மணிக்கு எதிர் வீட்டுச் சிறுமி, ஏழாம் வகுப்புப் படிப்பவள், இலக்கணம் கற்க வருகிறாள். அவளுக்கு நான் வேற்றுமை உருபு சொல்லித் தருகிறேன். கைப்பேசியின் மர்மங்களை அவள் எனக்குச் சொல்லித் தருகிறாள். "ஆச்சி, அதை அமுக்காதீங்க!" என்று அவள் அதட்டும்போது, ஆசிரியர் வேலையின் அதிகாரம் எத்தனை இனியது என்பது எனக்கு நினைவுக்கு வருகிறது.

இந்த ஏற்பாடுகளின் மதிப்பு எனக்கு ஒரு பெருமழையில் விளங்கிற்று. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18ஆம் நாட்களில் எங்கள் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்து திருநெல்வேலியின் தாழ்ந்த பகுதிகளில் புகுந்தது. எங்கள் தெரு சற்று மேடு. ஆயினும் முழங்கால் அளவு நீர் ஓடியது. முதல் நாள் இரவே மின்சாரம் நின்றது. பின்னர்க் கைப்பேசியும் ஓய்ந்தது.

என் மகன் அதற்கு முந்தின ஆண்டில் கூடத்தில் ஒரு கண்காணிப்புக் கேமரா பொருத்தியிருந்தான். புனாவிலிருந்து எந்நேரமும் என்னைப் பார்க்கலாம். நான் விழுந்தால் தெரியும் என்பது அவன் எண்ணம். அன்பினால் செய்த ஏற்பாடு அது. ஆனால் மின்சாரம் நின்றதும் அதன் கண் மூடிக்கொண்டது. தொலைக்காட்சியில் எங்கள் ஊர் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு, தாயின் குரலைக் கேட்க முடியாமல், என் மகனும் மகளும் ஒன்றரை நாள் துடித்திருக்கிறார்கள்.

அதே நேரத்தில் இங்கே நடந்தது என்ன? மார்கழி பிறந்த சமயம். ஆனால் கொட்டும் மழையில் வாசலில் கோலம் ஏது? காலை ஆறரை மணிக்கு எதிர் வீட்டிலிருந்து மழையையும் மீறி ஒரு குரல் கேட்டது: "டீச்சர்! சன்னலைத் திறந்து கையைக் காட்டுங்க!" திறந்து கையைக் காட்டினேன். பத்து மணிக்கு அவள் கணவர் நீரில் நடந்து வந்து ஒரு தூக்குச் சட்டியில் இட்லி கொடுத்துப் போனார். மாலையில் விளக்கை ஏற்றிச் சன்னலருகே வைக்கும்படி சொன்னார்கள். வைத்தேன். இரவு ஒன்பது மணிக்கு அந்த வீட்டிலும் ஒரு விளக்கு சன்னலுக்கு வந்து, மேலும் கீழும் இரண்டு முறை அசைந்து போயிற்று. அந்தச் சிறுமியின் வேலை அது. நானும் என் விளக்கை அசைத்தேன். மின்கலத்தில் ஓடும் என் கணவரின் சிறு வானொலிப் பெட்டியில் செய்தி கேட்டுவிட்டு, அந்த இரவில் நான் நன்றாகவே உறங்கினேன். பிள்ளைகள்தாம் உறங்கவில்லை.

தொடர்பு கிடைத்தபோது என் மகன் சிறிது நேரம் பேசவே இல்லை. பிறகு, "அம்மா, எதிர்த்த வீட்டுக்காரங்க நம்பரை எனக்குக் கொடு" என்றான். எட்டு ஆண்டுகளாக என் அருகில் வாழும் மனிதரின் எண் அதுவரை அவனிடம் இல்லை. இப்பொழுது இருக்கிறது. கேமராவும் இருக்கிறது. நான் அதைப் பழிக்கவில்லை. அது என்னைப் பார்க்கும். ஆனால் கதவைத் தட்டாது.

இவ்வளவும் சொன்னதால், தனித்து வாழ்தலே சிறந்தது என்று நான் வாதிப்பதாக எண்ணிவிடக் கூடாது. "எங்களோடு வந்துவிடு, அம்மா" என்று பிள்ளைகள் இருவரும் ஆண்டுதோறும் அழைக்கிறார்கள். கோடையில் இரண்டு மாதம் போய் வருகிறேன். மகன் வீடு ஏழாம் மாடியில் இருக்கிறது. மருமகள் குணவதி, பேரன் அன்புள்ளவன். வேளைக்கு உணவு வருகிறது. ஆனால் காலை எட்டரை மணிக்கு எல்லோரும் போனபின், அந்த வீட்டில் எனக்கென்று எதிர்பார்க்கப்படும் ஒரு வேலையும் இல்லை. கோலம் போட வாசல் இல்லை. கேள்வி கேட்க எதிர் வீட்டாரின் மொழி எனக்கு வராது. அங்கே நான் ஓர் அருமையான விருந்தாளி. ஆனால் மனிதர் விருந்தாளியாக எத்தனை நாள் இருக்க முடியும்?

பிள்ளைகள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. இரவில் கைப்பேசி மணி அடித்தால் அவர்கள் நெஞ்சு பதறுகிறது. நான் இங்கே சுதந்திரமாக இருக்கிறேன் என்றால், அதற்குரிய கவலையை அவர்கள் அங்கே சுமக்கிறார்கள். இதை மறந்துவிட்டுப் பிடிவாதம் பிடிப்பது பெரியவர்களுக்கு அழகன்று. ஆகவே சென்ற பொங்கலுக்கு இருவரும் வந்தபோது உட்கார்ந்து பேசி ஒரு முடிவு செய்தோம். தமிழாசிரியை அல்லவா, எழுதியும் வைத்தேன். பிறர் உதவியின்றிக் குளிக்க முடியாத நாள் வந்தால், அடுப்பை அணைக்க மறக்கும் மறதி தொடங்கினால், விழுந்து எழ முடியாத நிலை ஒரு முறை நேர்ந்தால், இம்மூன்றில் எது முதலில் வந்தாலும் நான் வாதாடாமல் புறப்படுவேன். அதுவரை அவர்களும் என்னை வற்புறுத்தமாட்டார்கள். இந்தத் தாள் என் அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு பிரதி அவர்களிடமும் இருக்கிறது.

அந்த நாள் வரும் என்பதை அறிவேன். என் கோலமே அதைச் சொல்கிறது. முன்பு பதினைந்து புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுவேன். மூட்டு வலியால் அது ஒன்பது புள்ளியாயிற்று. இப்பொழுது ஐந்து புள்ளி. சில நாட்களில் நின்றபடியே குனிந்து நாலு கோடு இழுத்துவிட்டு வருகிறேன். எதிர் வீட்டுப் பெண் அதையும் கவனிக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். சென்ற வாரம் ஒன்றும் சொல்லாமல், ஒரு சிறு முக்காலியைக் கொண்டுவந்து என் வாசற்படியருகே வைத்துவிட்டுப் போனாள்.

என் போன்ற முதியோருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். எதிர்பார்க்கப்படுதல் தானாக வராது. நாம் பிறரை எதிர்பார்க்கத் தொடங்கினால்தான் வரும். எங்கள் தெருவில் ஏழாம் வீட்டில் மனைவியை இழந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். தொல்காப்பியர் சொன்ன தபுதார நிலை. அவர் கோலம் போடமாட்டார். ஆகவே நாள்தோறும் பத்து மணிக்குச் செய்தித்தாளைத் தம் திண்ணையிலிருந்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வரவேண்டும் என்று ஏற்பாடு. என் தாளை அவர் படிப்பார். அவர் தாளை நான் படிப்பேன். பத்தேகால் ஆகியும் வராவிட்டால் நான் அங்கே போய்விடுவேன். அவருக்கு இது தொல்லை என்று சில நாள் முணுமுணுத்தார். இப்பொழுது பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிடுகிறார்.

சட்டமும் நமக்குச் சில வசதிகளைச் செய்திருக்கிறது. பெற்றோரையும் மூத்தோரையும் பேணுதல் பற்றிய சட்டம் 2007இல் நிறைவேறிற்று. தம் எல்லைக்குள் தனியே வாழும் முதியோரின் பட்டியலைக் காவல் நிலையங்கள் வைத்திருக்க வேண்டும் என்று அதையொட்டிய மாதிரி விதிகள் கூறுகின்றன. நம் பெயரைக் கொடுப்பதில் வெட்கம் வேண்டா. 14567 என்பது முதியோர்க்கான உதவி எண், கட்டணமின்றி அழைக்கலாம். பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி கைக்கு அகப்படாத வேளையில்தான் எண் தேவைப்படும்.

இளைய நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் தெருவிலோ, உங்கள் அடுக்கு மாடியிலோ, தனியே வாழும் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்குப் பணம் வேண்டாம். நாள்தோறும் உட்கார்ந்து பேச உங்களுக்கு நேரமும் இராது. வேலைக்குப் புறப்படும்போது அவர் வாசலை ஒரு கணம் பாருங்கள். பால் எடுக்கப்பட்டிருக்கிறதா, சன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கண்ணில் பட்டால், காப்பி குடித்தாயிற்றா என்று கேளுங்கள். பதிலுக்கு அவர் கால்மணி நேரம் தம் மூட்டுவலியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், "சாயங்காலம் வந்து மீதியைக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகலாம், தவறில்லை. ஆனால் சாயங்காலம் போய்விடுங்கள். ஏனென்றால் அவர் உங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்.